சால்வை போர்த்திய ரீச்சர்

கறுப்பு வீடியோ கசற் ஒன்று. அதன் முதுகில் பிளாஸ்டர் ஒட்டி, நீலப் பேனையால் "இவனை நம்பேலாது" என்று எழுதியிருக்கும். எழுதியது பெரியம்மா, என் அம்மாவின் தமக்கை. முப்பது வருடம் தபால் கந்தோரில் பார்சல் பகுதியில் வேலை பார்த்தவர். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் காதோடு வைத்து ஒரு குலுக்குக் குலுக்கி, "உள்ளுக்கு என்ன?" என்று கேட்டே பழகிய மனுஷி. பென்ஷன் எடுத்த பிறகு குலுக்கப் பார்சல் கிடைக்கவில்லை, ஆட்களைக் குலுக்கத் தொடங்கினார். மீன்காரன் தப்பவில்லை, கரண்ட் மீட்டர் பார்க்க வருபவன் தப்பவில்லை, கோயில் ஐயர்கூடத் தப்பவில்லை. அர்ச்சனைக்குக் கொடுத்த தேங்காய்தானா திரும்பி வந்தது என்று பார்க்க, அதில் முன்கூட்டியே நகத்தால் ஒரு கீறு போட்டுக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் குண்டலினி யோகம் பழகப் புறப்பட்டார் என்றால், வேறு வழி ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் பெரியம்மா தனியாக இருந்தார். பெரியப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள், எனக்கு அக்கா முறை, ரொறன்ரோவில். கலியாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. விசாவும் வந்துவிட்டது. பெரியம்மா செய்யவேண்டியது விமானத்தில் ஏறி உட்காருவது மட்டும்தான். அதுதான் முடியாமல் இருந்தது. அதற்கு முந்தின வருடம், நகரத்தில் எங்கோ குண்டு வெடித்த ஒரு நாளில், அவர் வந்த பஸ் நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டது. புகை வருகிறதென்று கதவையும் யன்னல்களையும் அடைத்துவிட்டார்கள். அவருக்குக் காயம் ஒன்றுமில்லை. நடந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சோறும் சமைத்தாராம். ஆனால் அதற்குப் பிறகு பஸ் கதவு மூடினாலும் சரி, லிஃப்ட் கதவு மூடினாலும் சரி, நெஞ்சு அடைத்துவிடும், மூச்சு வராது. டாக்குத்தர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சிலை ஒண்டுமில்லை அம்மா, மூச்சு விடப் பழகுங்கோ" என்றார். இவ்வளவு வயதுக்கு நான் பழகாமலா மூச்சு விட்டேன் என்று பெரியம்மாவுக்கு அந்த டாக்குத்தர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

நான் அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வேலை தேடி வந்து அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று கையெழுத்தை இழுத்தடித்ததால், என் பெயர் இன்னும் அந்தப் படிவத்தில் ஏறவில்லை. யார் கதவைத் தட்டினாலும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நான் குசினிக்குள் அடுப்போரம் போய் நிற்பேன்.

முதல் கசற் அக்கா அனுப்பியது. குண்டலினி யோகத்தில் மூச்சுப் பயிற்சிதான் விசேஷம், தான் ரொறன்ரோவில் வகுப்புக்குப் போய்ப் பயம் எல்லாம் விட்டுப்போனதாக எழுதியிருந்தாள். எங்கள் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் ஓடியது. அந்த நாட்டுக் கசற் இந்த நாட்டு டெக்கில் ஓடாது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? "குண்டலினி எழும்பிறது கிடக்கட்டும், முதல் இந்தப் படம் ஓரிடத்திலை நிக்கட்டும்" என்றார் பெரியம்மா. காலி வீதியில் ஒரு வீடியோக் கடைக்காரர் அதை மாற்றிக் கொப்பி பண்ணித் தந்தார். இதே விஷயத்தில் இன்னும் இரண்டு இருக்கிறது என்று கையில் திணித்தும் விட்டார்.

பிறகு தொடங்கியது பரிசோதனை. மூன்று கசற்றையும் பெரியம்மா கதிரையில் சாய்ந்திருந்து, ஒரு ஆசனமும் செய்யாமல், சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்த்தார். "சத்தத்தைக் கேட்டால் ஏமாந்துபோவம். முதல் ஆளைப் பாப்பம்" என்பது அவர் கட்சி. முதல் ஆள் வெள்ளைக்காரர். தலைப்பாகை கட்டிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல் கடற்கரையில் உட்கார்ந்து, வயிறு உள்ளே வெளியே போய்வர வேகமாக மூச்சு விட்டார். "வயித்தைக் காட்டிப் பிழைக்கிறான். எங்கடை கடற்கரையிலை உப்பிடி இருந்தால் பிடிச்சுக்கொண்டு போவாங்கள்." அடுத்தவர் இந்தியாவிலிருந்து ஒரு சுவாமி. அவரும் வெறும் மேல்தான். நாற்பது நாளில் முதுகெலும்பின் அடியில் உறங்கும் பாம்பு எழுந்து உச்சந்தலைக்கு ஏறிவிடும் என்று உறுதி சொன்னார். பெரியம்மா படத்தை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நாப்பது நாளிலை எழும்புமாம். எழும்பின பிறகு ஆர் அதைப் படுக்கவைக்கிறது? அதைச் சொன்னவனே?" பிளாஸ்டர் துண்டில் நீலப் பேனை ஏறியது அவருக்குத்தான்.

மூன்றாவது ஒரு பெண். மதராஸ் பக்கம். வெறும் சுவருக்கு முன்னால் பாய் போட்டு, கழுத்திலிருந்து மடி வரைக்கும் சால்வையைப் போர்த்தி ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பூச்சாடிகூடப் பக்கத்தில் இல்லை. சத்தத்தைக் கூட்டியபோது, "தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் முகம் இளகியது. "இவள்தான் நிப்பாட்டச் சொல்லுறாள். நிப்பாட்டச் சொல்லத் தெரிஞ்சவளைத்தான் நம்பலாம். உடம்பையும் ஒழுங்கா மூடியிருக்கிறாள்." அந்தக் கசற்றில் "இவள் பரவாயில்லை" என்று எழுதினார். பெரியம்மாவிடமிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் இந்த உலகத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் சால்வை ரீச்சர்.

காலையில் முதல் ரயில் போனதும் தொடங்குவார். ரீச்சர் ஆரம்பத்தில் ஏதோ விளக்கம் சொல்லிவிட்டுப் பிறகு "இழு... விடு... இழு... விடு..." என்று எண்ணிக்கொண்டே போவார். "இழு" என்றதும் பெரியம்மா உடம்பு முழுவதையும் சேர்த்து இழுப்பார். தோள் இரண்டும் காதுக்கு ஏறும், வயிறு முதுகோடு ஒட்டும். "விடு" என்றதும் எல்லாம் தொப்பென்று விழும். இந்த வயதில் என்ன உறுதி என்று நான் கட்டிலில் இருந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நிமிடத்தில் முகம் சிவந்து, "உள்ளங்கை விறுவிறுக்குது பிள்ளை, எழும்புது போலை" என்பார். உடனேயே பயம் வந்துவிடும். ஓடிப்போய் டெக்கை நிற்பாட்டுவார். ஒரு நாள் கொமினிகேஷன் கடையில் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தபோது, "பெரியம்மா வீட்டிலை பயிற்சி எடுக்கிறா" என்று நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். தொடையில் நுள்ளிய நுள்ளு இரண்டு நாள் கறுத்துக் கிடந்தது. "விசரி! பயிற்சி எண்டால் இந்த ஊரிலை ஆயுதப் பயிற்சி எண்டு நினைப்பாங்கள் எண்டு தெரியாதோ? தேகாப்பியாசம் எண்டு சொல்லு!"

இரண்டு மாதம் போயும் லிஃப்டில் ஏற முடியவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும் என்று அக்கா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். கோயிலில் பூ கட்டும் அம்மா ஒருவர், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு வீடாகப் போய்ப் பழக்குகிற ஒரு மாஸ்டரைச் சொன்னார். ஒரு சனிக்கிழமை காலை அவர் வந்தார். வெள்ளைச் சேர்ட், குடை, மெல்லிய குரல். நான் வழமைபோலக் குசினிக்குள். இருந்த இடத்திலிருந்தே எல்லாம் கேட்டது.

"வீட்டிலை எத்தனை பேர் இருக்கிறியள் அம்மா?"

அந்த நாளில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் காக்கி போட்டு வருபவர்கள்தான்.

"நான் தனியத்தான்" என்றார் பெரியம்மா.

அந்தப் பதற்றத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. ஊற்றிவைத்த தேநீர் ஆறிவிடும் என்று, தட்டை எடுத்துக்கொண்டு நேராக ஹோலுக்குள் போய் நின்றேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எரிந்து சாம்பலாகாமல் நின்றது பெரிய காரியம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை. தேத்தண்ணி போட்டுத் தர வந்தது" என்றார். மாஸ்டர் என்னையும் என் வீட்டுச் சட்டையையும் செருப்பில்லாத காலையும் பார்த்தார். "சரி, நீங்கள் செய்யிற மாதிரி ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றார். பெரியம்மா கண்ணை மூடி நாலைந்து தரம் இழுத்து விட்டார். மாஸ்டர் முன்னால் குனிந்து அவருடைய வயிற்றையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெரியம்மா கண்ணைத் திறந்துவிட்டார்.

"மாஸ்டர் எந்தெந்த வீட்டை போறனீங்கள்?"

"கொஞ்ச வீடுகள் இருக்கு அம்மா."

"பேரைச் சொல்லுங்கோவன். எந்த ஒழுங்கை, ஆருடைய வீடு? விசாரிச்சுப் பாப்பம்."

மாஸ்டர் பாதித் தேநீரோடு கோப்பையை வைத்தார். ஓர் அலுவல் இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போனவர் வரவேயில்லை. பெரியம்மா கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டார். "பாத்தியோ? தலை எண்ண வந்தவன். வயித்தைப் பாத்தான். பேர் கேட்டவுடன பறந்திட்டான்." பிறகு ரீவியைக் காட்டிச் சொன்னார்: "அவளுக்குக் கண் இல்லை பிள்ளை. எங்களை அவள் பாக்கமாட்டாள். அதுதான் நல்லது." எனக்கும் அப்பாடா என்றிருந்தது. உண்மையைச் சொன்னால், பெரியம்மாவைவிட எனக்குத்தான் நிம்மதி. இன்னொரு மாஸ்டரைத் தேடுவோம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பயண நாளில், யன்னலெல்லாம் திறந்த ஒரு வாடகை வான் வண்டியில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார். கறிக்குச் சரக்குத்தூள், பிள்ளைக்குப் பருத்திச் சட்டைகள், சங்கிலி. உள்ளே போக எங்களை விடமாட்டார்கள் என்பதால் நான் வீட்டில் இருந்தேன். விமானம் போயிருக்கும் என்று நினைத்து விளக்கேற்றிக் கும்பிட்டேன். பின்னேரம் அதே வான் ஒழுங்கைக்குள் திரும்பி வந்தது. கதவு அடைக்கும்வரைக்கும் இருந்தாராம். பிறகு எழும்பிக் கத்தி, இறங்கவேண்டி வந்ததாம். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் மனுஷி விமானத்திலிருந்து இறங்கினால் சும்மா விடுவார்களா? பெட்டியைக் கிளறி, சரக்குத்தூளைக் கொட்டிப் பார்த்து, மணிக்கணக்காக விசாரித்திருக்கிறார்கள். கட்டிலில் இருந்துகொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "செய்தனான் பிள்ளை. அவள் சொன்ன மாதிரியே இழுத்து இழுத்து விட்டனான். செய்யச் செய்ய எனக்கு அடைச்சுக்கொண்டு வந்தது." அதற்குப் பிறகு அவர் அந்தக் கசற்றைத் தொடவில்லை. பேத்தி பிறந்தாள். அக்காவுக்கு இங்கே வர வழி இருக்கவில்லை. பெரியம்மா கண்ணை மூடியபோது அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது, அம்மம்மாவைக் குரலில் மட்டும்தான் தெரியும். நான் சால்வை ரீச்சரைத் திட்டினேன், குண்டலினியைத் திட்டினேன், எங்கள் விதியைத் திட்டினேன்.

இப்போது எனக்கும் நித்திரை இல்லை. போனைத் திறந்தால் மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். பெரியம்மாவின் பரிசோதனையைத்தான் நானும் நடத்துகிறேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு முதலில் ஆளைப் பார்ப்பேன். நாற்பது நாள் கணக்குச் சொல்பவரைத் தள்ளிவிடுவேன், நிறுத்தச் சொல்பவரைத் தேடுவேன். இதில் அவர் ஒன்றும் பிழை விடவில்லை என்றுதான் சென்ற வருடம்வரைக்கும் நம்பியிருந்தேன்.

சென்ற வருடம், முழங்கால் வலிக்கு வெள்ளவத்தையில் ஒரு டாக்குத்தரிடம் காத்திருந்தபோது, எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் தேத்தண்ணி கொண்டுவந்த பிள்ளையல்லோ?" என்றார். மாஸ்டர்! எண்பது தாண்டியிருக்கும். ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"பயம் பிள்ளை. அவ தனிய எண்டு சொல்லுறா, உள்ளையிருந்து நீங்கள் வாறியள். பிறகு என்னட்டை மற்ற வீட்டுக்காரற்றை பேரெல்லாம் கேட்டவ. அந்த நாளையிலை பேர் கேட்டுத் திரிஞ்சது ஆர்? உந்த வீடு பொலிசுக்குப் பேர் குடுக்கிற வீடு எண்டு நினைச்சு ஓடிவந்திட்டன்." மடியில் கிடந்த குடையை நேராக்கினார். "ஆனால் மனசு கேக்கேல்லை. அவ மூச்சைத் தலைகீழாச் செய்தவ. மூச்சு உள்ளை போகேக்கை வயிறு வெளியிலை வரவேணும். அவ மூச்சையும் இழுத்து வயித்தையும் இழுத்தவ. அப்பிடிச் செய்தால் சுகதேகிக்கும் நெஞ்சு அடைக்கும். அண்டைக்கே கண்டனான். சொல்ல வாயெடுத்தனான்."

இழு என்றால் எதை இழுப்பது? சால்வைக்குக் கீழே அந்த ரீச்சரின் வயிறு சரியாகத்தான் போய்வந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. வயிற்றைத் திறந்து காட்டிய இருவரையும் பெரியம்மா கள்ளர் என்று தள்ளிவைத்தார். பார்த்துச் சொல்ல வந்த மூன்றாவது ஆளை நாங்கள் இரண்டு பேருமாகத் துரத்தினோம். "திருத்த எத்தனை நாள் எடுத்திருக்கும் மாஸ்டர்?" என்று கேட்டேன். "நாளோ? வயித்திலை கையை வைச்சுப் பாக்கச் சொன்னால் காணும் பிள்ளை. தேத்தண்ணி குடிச்சு முடியிற நேரம்."

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே, இந்த மனுஷன் சொல்வது உண்மையா, இப்போது யோசித்துச் சொல்கிறாரா என்று உள்ளே ஒன்று அவரைக் குலுக்கிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது.

அவருடைய முறை வந்தது. குடையை ஊன்றி எழும்பினார். "இப்ப எங்கை பிள்ளை இருக்கிறியள்?" என்று ஆதரவாகக் கேட்டார்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள். என் வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடை.

"இங்கை கிட்டத்தான்" என்றேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.