பவித்ராவின் தலையும் சேகர் அண்ணன் தறியும்

1. எதிர்ப்பக்கம் நின்றவள்

பக்கத்துப் பள்ளியோடு கபடி பிராக்டிஸ் மேட்ச். ரெய்டு போன பவித்ராவை நாலு பேர் மடக்கினார்கள். விழும்போது ஒருத்தியின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. எழுந்தவள் எங்கள் பக்கம் வராமல் எதிரணிப் பெண்களோடு போய் வரிசையில் நின்றுகொண்டாள். கிரவுண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது, விசிலை ஊதினேன்.

"பவி, ஸ்கோரு இன்னா?"

"மேட்ச் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே மிஸ்."

ஆரணியில் அரசுப் பள்ளி பி.டி. டீச்சராக நான் இருந்த கடைசி வருடம் அது. பவித்ரா பத்தாம் வகுப்பு. எங்கள் முதல் ரெய்டர். என் சர்வீஸில் எங்கள் பள்ளி சோனல் கப்பைத் தொட்டதே இல்லை. இவளை வைத்துத்தான் தொடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டர், "ரத்தக்கசிவு இல்லைங்க. ஆனா மூளை உள்ள குலுங்கியிருக்கு, கன்கஷன்" என்றார். "ரெண்டு நாள் ரெஸ்ட். அப்புறம் வீட்டு வேலை, ஸ்கூல், ஒவ்வொண்ணா ஆரம்பிக்கலாம். வழக்கமா செய்யற எல்லாத்தையும் வலி இல்லாம செய்யணும். அதுக்கப்புறம் நான் பாத்து சொன்னாதான் கிரவுண்டு. சரியாகறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து. செல்போன் தொடக்கூடாது."

முன்னால் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. செல்போன் என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

2. அமாவாசைக்கு மறுநாள்

அடுத்த வாரம் முழுக்க ஒரே கதைதான். அரை நாள் பள்ளிக்கு வருவாள், வீட்டுக்குப் போவாள், சாயங்காலம் மண்டை இடிக்கும். சனிக்கிழமை சோனல் மேட்ச். ஒருநாள் காலையில் அவள் அப்பா சேகர் அண்ணன் வண்டியில் அவளை உட்காரவைத்துக்கொண்டு வந்தார். பட்டுத் தறி நெய்கிறவர். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், பாப்பாவுக்கு நேத்து முழுக்க தலைவலியே இல்ல! ஜல்தி கிளம்புங்க, டாக்டராண்ட போலாம். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா விளையாட விட்ருவாரு."

எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன். பொய் சொல்வானேன், கப் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"நல்லா கவனிச்சீங்களாண்ணா?"

"என் கண்ணால பாத்தேன் டீச்சர். மத்த நாள்ல தறியில குந்திகினு இருப்பேன், எங்க பாக்கறது? நேத்து அமாவாசை, தெருவுக்கே தறி லீவாச்சே. நாள் முழுக்க அவகூடத்தான் இருந்தேன். சிரிச்சிகினு, பேசிகினு, சூப்பரா இருந்தா."

கைப்பையை மேசை மேலேயே வைத்துவிட்டேன்.

"இன்னிக்கு தறி ஓட்டினீங்களா?"

"விடியக்காலமே ஒக்காந்துட்டனே."

பவித்ராவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

"பவி, இப்ப வலிக்குதா?"

"லேசாதான் மிஸ்" என்றாள். உடனே அழுதுவிட்டாள். "சனிக்கிழமை ஆடணும் மிஸ்."

சேகர் அண்ணன் முகம் சுண்டிப்போனது. அவருக்கு ஒரு தறி, அடுத்த வீட்டில் இரண்டு, எதிர் வீட்டில் பவர்லூம். அந்தச் சத்தம்தான் அவள் மண்டையை இடித்திருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்கிற ஆட்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. களம்பூரில் ரைஸ்மில் ஓரம் வளர்ந்த எனக்கும் உறைக்கவில்லை. டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம்.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்றார் அவர்.

"நீங்க கேக்கலயே டாக்டர்" என்றார் சேகர் அண்ணன். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

தறியை நிறுத்தினால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. ஊரையே நிறுத்தச் சொல்லவும் முடியாது. கலசப்பாக்கத்தில் பவித்ராவின் சித்தி வீடு, சுற்றிலும் நிலம். அங்கே அனுப்பினோம். சனிக்கிழமை அவள் இல்லாமல் ஆடித் தோற்றோம். எதிரணி டீச்சர் கப்போடு போட்டோ எடுத்துக்கொண்டபோது எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நாள் பஸ் ஏறிக் கலசப்பாக்கம் போனேன். தோற்ற கதையை வரப்பில் நடந்துகொண்டே சொன்னேன். "ரொம்ப பேஜாராயிடுச்சா மிஸ்?" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த நடை முழுக்க அவளுக்கு வலி வரவில்லை.

3. தறியடியில்

நன்றாகத் தேறியதும் டாக்டர் சொன்னார், "வயக்காட்டுல சரியானா போதாது. அவ இருக்கப்போற வீட்ல சரியாகணும். தறி ஓடறப்போ பாத்துட்டு வந்து சொல்லுங்க." அப்படியே வீட்டுக்குக் கூட்டிவந்தோம், முதலில் கொஞ்ச நேரம் சத்தத்தில் இருந்தாள், பிறகு கொஞ்சம் கூடுதலாக.

கடைசியாக ஒருநாள் நானே போனேன். தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சோஷியல் புத்தகத்தோடு அவளை உட்காரவைத்தோம். சேகர் அண்ணன் தறிக்குழியில் காலை இறக்கி ஓட்ட ஆரம்பித்தார். அடுத்த வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஓடியது. அவர் கண் சேலையில் இல்லை, மகள் மேலேயே இருந்தது. அன்று நெய்ததில் எத்தனை இழை விட்டாரோ. பாதியில் பட்டென்று நிறுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏம்ப்பா நிறுத்தின? நல்லா படிச்சிகினு இருந்தேன்ல."

சேகர் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் சரி என்ற பிறகு அவள் மறுபடி கபடிக் களத்தில் இறங்கினாள். அதற்குள் நான் ரிட்டையர் ஆகியிருந்தேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன், கையில் விசில் இல்லாமல்.

புதிதாக வேலைக்கு வந்த பி.டி. டீச்சர்கள் இப்போதும் போன் செய்வார்கள். பிள்ளைக்கு அடிபட்டால் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு நிற்காதீர்கள் என்பேன். அந்த வீட்டுக்குப் போய், அவர்கள் வேலை செய்யும் நாளாகப் பார்த்து, கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

எனக்குக் கப் கிடைக்கவில்லை. அந்தத் தெரு வழியாகக் கடைக்குப் போகிற நாட்களில் சேகர் அண்ணன் தறிச் சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் எனக்கு அது கேட்டதே இல்லை.