வேலில் விழுந்த இரண்டு தழும்புகள்

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குத் தென்புறம் மோட்டார் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியன், தம் கைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் எறிந்தவர் அல்லர். கல்யாணப் பத்திரிகைகள், கிழித்துக் கொடுத்த பஸ் டிக்கெட்டுகள், பல் பிடுங்கியதற்கு டாக்டர் எழுதிய சீட்டு, எல்லாம் மாதவாரியாகப் பிஸ்கட் தகரங்களில் கிடந்தன. பிடுங்கிய பல்லும் அந்தச் சீட்டுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. சீட்டை எவனாவது பொய் என்று சொன்னால் என்ன செய்வது?

தொழிலை அவர் ஒருவரிடமும் படிக்கவில்லை. யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ராணுவ லாரி ஒன்றில் கிடந்த, பேட்டரிகளைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தை, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டரை வருஷம் வரிவரியாகப் படித்தார். அட்டையின் பின்பக்கத்து அச்சகத்தார் முகவரிகூட அவருக்கு மனப்பாடம்.

1952ஆம் வருஷம் புரட்டாசியில் ஒரு நாடக சபை ஊருக்கு வந்தது. பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டில், அடுப்பு, நிலைக்கண்ணாடி, திரைச்சீலைகள் சகிதம் அதிலேயே குடித்தனம் நடத்தினார்கள். சபை மானேஜரும் முருகன் வேஷக்காரருமான ஆறுமுகச்சாமி, பஸ்ஸுக்குள் விளக்கு வேண்டும் என்றார். சௌந்தரபாண்டியன் ஆறு வோல்ட் பேட்டரிகள் நான்கை இரண்டிரண்டாகத் தொடுத்து, இரு ஜோடிகளையும் சேர்த்துக் கட்டி, பன்னிரண்டு வோல்ட் ஆக்கி, ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை விட்டு வயர் வெளியேறும் இடத்திலேயே ஃப்யூஸ் வைத்தார். ஆவி போகத் துளையிட்ட மரமூடி போட்டார். பிறகு, அளவுகளோடு படம் வரைந்து, அதன் கீழே எழுதினார்: மூடியைக் கழற்றலாகாது, பேட்டரி மேல் இரும்பு, பித்தளை எதுவும் வைக்கலாகாது, அருகில் பீடி பற்றவைக்கலாகாது. இரண்டு பிரதியிலும் ஆறுமுகச்சாமி கையெழுத்திட்டார். அவர் வாசித்தது தம் பெயரை மட்டும்தான்.

ஆயுத பூஜையன்று காலை பஸ்ஸுக்குள்ளிருந்து புகை வந்தது. வள்ளியின் தினைப்புனம் எழுதிய திரையில் ஒரு மூலை கருகிப்போயிற்று. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு, சௌந்தரபாண்டியன் போட்ட வயரிங் தீப்பிடித்துவிட்டது என்று.

மறுநாள் முதல் ஆளாக மூன்று பஸ்களுக்குச் சொந்தக்காரரான பரமசிவன் வந்தார். கடைக்கு வரும் பேட்டரிகளில் முக்கால்வாசி அவருடையவை.

"கோவிச்சுக்கிடாதீரும்வே. நம்ம பேட்டரிய எல்லாம் எடுத்துட்டுப் போறேன். பஸ்ஸுல அம்பது உசுரு வருது."

"அண்ணாச்சி, சாயந்தரம் வரைக்கும் பொறுங்க. என்கூட அந்த பஸ் வரைக்கும் வாங்க. வயர் மேல தப்பு இருந்தா நானே கடையப் பூட்டிச் சாவிய ஒங்க கையில தந்துருதேன்."

மாலையில் சௌந்தரபாண்டியன், அந்தப் படம் இருந்த பிஸ்கட் தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரமசிவன் பின்தொடர, சபையின் பஸ்ஸில் ஏறினார். ஆறுமுகச்சாமி பாதி முகத்துக்கு அரிதாரம் பூசியிருந்தார்.

"வாரும்வே! ஊரக் கொளுத்த வந்தீரா?"

சௌந்தரபாண்டியன் நேரே பேட்டரிப் பெட்டிக்குப் போனார். ஃப்யூஸைக் கழற்றிப் பரமசிவனிடம் நீட்டினார். கம்பி முழுதாக இருந்தது.

"வயருல தப்புன்னா இதுல்லா மொதல்ல உருகணும், அண்ணாச்சி. உருகல. அப்போ ஃப்யூஸுக்கு இந்தப் பக்கம், பேட்டரி மேலதான் ஏதோ நடந்திருக்கு. மூடி எங்க?"

மூடி அடுப்பு மூலையில் கிடந்தது. அதன் மேல் பொரியும் கடலையும் ஒட்டியிருந்தன.

"படையல் போடப் பலகை வேணும்லா? நல்ல பலகையா இருந்துச்சு, கழட்டினேன்" என்றார் ஆறுமுகச்சாமி.

"ஆயுதத்த எல்லாம் எங்க வச்சிய?"

"கத்தி, கதாயுதம் எல்லாம் பெட்டி மேல. ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைக்காம ஒம்ம கடைப் பல்பையா வைப்பாக?"

மூலையில் பித்தளை வேல் சாத்தியிருந்தது. அதன் தண்டு நடுவில் மட்டும் ஒன்றரை முழம் மல்லிகை நெருக்கமாகச் சுற்றியிருந்தது. சௌந்தரபாண்டியன் பூவில் கைவைத்தார்.

"ஏ, சாமி வேலு! தொடாதீரும்!"

வள்ளி வேஷக்காரியான மாரித்தாய் தலை பின்னியபடியே குறுக்கிட்டாள். "நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. கருகினது தெரியக் கூடாதுன்னு நீங்கதான பூச் சுத்தச் சொன்னிய? டப்புன்னு வெடிச்சு, வேலு அங்கனயே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. முருகன் இறங்கி ஓடிட்டாரு. நான்தான் மர அகப்பையால தட்டிவிட்டேன்."

"மர அகப்பையா? அறிவான காரியம்" என்றார் சௌந்தரபாண்டியன், மனம் நெகிழ்ந்து.

பூ அவிழ்ந்தது. தண்டில் இரண்டு இடங்களில் பித்தளை உருகிக் குழிந்திருந்தது. அவர் படத்தை விரித்து, அதில் ப்ளஸ் முனைக்கும் மைனஸ் முனைக்கும் இடையே எழுதியிருந்த அளவைப் பரமசிவனையே வாசிக்கச் சொன்னார். பதினொன்றே கால் அங்குலம். அளவுகோலை வேலின் இரு குழிகளுக்கும் நடுவே வைத்தார்.

பரமசிவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பதினொண்ணே கால். வேலு ரெண்டு முனை மேலயும் குறுக்கால படுத்திருக்கு" என்றார். பிறகு ஆறுமுகச்சாமியிடம் திரும்பினார். "கீழ கையெழுத்து ஒம்மதுதான?"

முருகனின் பாதி முகம் சிவப்பாகவே இருந்தது. மீதிப் பாதியும் சிவந்தது.

தவறு தம்முடையது என்று ஆறுமுகச்சாமி எழுதிக் கொடுத்தார், இரண்டு பிரதிகள். இம்முறை ஒவ்வொரு வரியையும் வாசித்த பிறகே கையெழுத்துப் போட்டார். பரமசிவன் சாட்சிக் கையெழுத்திட்டு, "நம்ம பேட்டரி ஒம்ம கடையிலயே கிடக்கட்டும்" என்றார்.

"வேலும் வேணும்" என்றார் சௌந்தரபாண்டியன்.

"என்னது! நாடகத்துக்கு நான் என்னத்தப் பிடிப்பேன்?"

"மரத்துல ஒண்ணு செஞ்சு வெள்ளித்தாள் ஒட்டிக்கிடலாம். நீங்க கைதவறிப் போட்டாலும் சத்தம் கேக்காது" என்றாள் மாரித்தாய்.

மரவேல் செய்தார்கள். வெள்ளித்தாளிலும் மின்சாரம் பாயும் என்பதால், அதையும் பேட்டரிப் பெட்டிக்கு நான்கு முழம் தள்ளியே வைக்க வேண்டும் என்று சௌந்தரபாண்டியன் நிபந்தனை எழுதிக் கொடுத்தார். பித்தளை வேலுக்கு முறைப்படி ரசீது தந்து வாங்கிக்கொண்டார். அது எந்தத் தகரத்திலும் அடங்கவில்லை. கடைச் சுவரில், புரட்டாசி மாத ஆதாரம் என்ற சீட்டோடு மாட்டினார்.

ஒரு வாரத்துக்குள் பேட்டரி போட வந்த டிரைவர்கள் அதற்குக் குங்குமம் வைத்தார்கள். கார்த்திகையில் ஒருவர் எலுமிச்சம்பழம் குத்தினார். சௌந்தரபாண்டியன் தடுக்கவில்லை. சார்ஜ் ஏறும் பேட்டரிகளை மட்டும், வேல் தவறி விழுந்தாலும் எட்டாதபடி அளந்து பார்த்து, எதிர்ச் சுவருக்கு மாற்றினார்.