மூணு எஞ்சின், ஒரு காது

ஹோட்டல் சலவைக்கூடத்தில் பதினாறு வாஷிங் மெஷின்கள். எல்லாம் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கூடக் கேட்காது. ஆனால் அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா வாசலில் நின்றபடியே, "ஏழாம் நம்பர்ல பேரிங் போகப்போகுது, ஆளைக் கூப்பிடுங்க" என்பாள். இரண்டாம் நாள் ஏழாம் நம்பர் படுத்துவிடும். இருபது வருஷமாக அவள் சொல்லி ஒன்றும் தப்பியதில்லை. அதனால் அங்கே அவள் பெயர் பாம்புக்காது. வீட்டிலும் அப்படித்தான், மிக்ஸி முனகினால் கூட அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவளிடம் காது டாக்டர் மூன்று வாரம் முன்னால் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். இத்தனை வருஷ மெஷின் இரைச்சலில் வலது காது பாதிக்கு மேல் போய்விட்டதாம், அந்தக் காதில் கீச்சென்ற சத்தமெல்லாம் இனிக் கேட்காதாம். காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. காதும் போனால் இந்த வீட்டில் நான் யார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தானா வீட்டுக்குக் கார் வாங்கும் பைத்தியம் பிடிக்க வேண்டும்! பழைய கார், டீசல் கார், ஏழு பேர் உட்காரும் கார். அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சும்மா விடுவாரா? சமையலறைக் கதவு முழுக்க அட்டவணை ஒட்டிவிட்டார். ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின், ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம். மைலேஜ், இழுவை, பராமரிப்பு என்று கட்டம் கட்டமாக எழுதி, கடைசிக் கட்டத்துக்கு 'அம்மா காது' என்று தலைப்பும் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேரும் கார் புரோக்கரின் ஷெட்டில் போய் இறங்கினார்கள். மாமனார், மாமியார், மூன்று பெண்கள் உட்படத்தான். புரோக்கர் வாயைப் பிளந்தார்.

"எல்லாருமா சார் ஓட்டிப் பார்க்கப் போறீங்க?"

"குடும்பக் கார்னா குடும்பத்தை ஏத்திப் பார்க்க வேண்டாமா?" என்றார் வாத்தியார்.

முதலில் வெள்ளைக் கார், ஆயிரத்து முந்நூறு. சமதரையில் வெண்ணெய் மாதிரி ஓடியது. மேம்பாலம் ஏறும்போதுதான் அதன் சாயம் வெளுத்தது. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், உதவி செய்வதாக நினைத்து ஏழு பேரும் முன்பக்கம் சாய்ந்தார்கள். மாமனார் முன் சீட்டைப் பிடித்துத் தள்ளினார். ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்திப் போனார். பெண்கள் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது.

அடுத்தது கறுப்பு, இரண்டாயிரம். சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு கிளம்பியது, வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான், இதேதான்!" என்று ஸ்டியரிங்கைத் தடவினார். திரும்பி வந்ததும் அவள் புரோக்கரிடம் கேட்டாள்: "இதுல புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கா?"

"இருக்குக்கா. நெடுந்தூரம் ஓட்டுனா கரி தானா எரிஞ்சிடும்."

"நாங்க எங்க நெடுந்தூரம் போறோம்? ஸ்கூல், ஹோட்டல், மார்க்கெட். எல்லாம் பத்து நிமிஷம். எங்க டிரையர்ல பஞ்சு அடைக்கிற மாதிரி இது மாசாமாசம் அடைச்சுக்கிட்டு நிக்கும்."

வாத்தியாரின் முகம் தொங்கிப்போனது. மாமியார், "விடுடா, அதுல ஏற எனக்கு ஏணி வேணும்" என்றாள்.

மிச்சம் நீலம், ஆயிரத்து ஐந்நூறு. அந்த ஃபில்டரெல்லாம் வராத பழைய மாடல். கிளப்புவதற்கு முன் அவள் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. புரோக்கர் முன்கூட்டியே சூடேற்றி வைத்து ஏமாற்றவில்லை. சாவியைத் திருப்பினார்கள், ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. பானெட்டைத் திறந்தார்கள்.

"எல்லாரும் வாயை மூடுங்க, அம்மா கேக்கட்டும்!" என்றாள் பெரியவள்.

ஷெட்டே அடங்கிவிட்டது. ஆறு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் வலது காதைத்தான் எஞ்சின் பக்கம் சாய்த்தாள். அதன் தடதடப்பு கேட்டது. அதற்கு மேலே மெல்லிசாக ஏதாவது கீச்சிடுகிறதா, பெல்ட் தேய்கிறதா? தெரியவில்லை. நல்லா இருக்கு என்று அடித்துவிடலாம். நாளைக்கு இந்தப் பெண்களோடு நடுரோட்டில் நின்றால்?

"ஏங்க, என்னை நம்பாதீங்க" என்றாள். "எனக்கு வலது காது போயிடுச்சு."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாத்தியார் எஞ்சினைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

"என்னது?"

"ரெண்டு மாசமா உனக்கு இடது பக்கமாவேதான் நடக்கிறேன். நீ கவனிக்கலையா?"

"பின்னே நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்துறேன்? எனக்கென்ன வேண்டுதலா?" என்றாள் மாமியார். பெண்கள் மூவரும் தலையாட்டினார்கள், கடைக்குட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பாவி ஜனங்கள், ஒருத்தர் கூட வாயைத் திறக்கவில்லையே! அவளுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாக இருந்தது, சந்தோஷம் தாங்கவில்லை.

"தெரிஞ்சுமா என்னைக் கேக்கச் சொன்னீங்க?"

"எங்க ஆறு பேர்கிட்ட பன்னிரண்டு காது இருக்கு" என்றார் கணக்கு வாத்தியார். "கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டேன். உன்னோட மிச்சம் ஒண்ணுக்கு ஈடாகல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகினாள். இந்தப் பக்கம் சுற்றி வந்து, இடது காதை எஞ்சினுக்கு மேலே சாய்த்தாள்.

"யாரு அங்கே செருப்பைத் தேய்க்கிறது?" என்று அதட்டினாள். "ஆடாம நில்லுங்க."

ஏழெட்டு நிமிஷம் கேட்டாள்.

"பெல்ட் ஒண்ணு மாத்தணும்" என்றாள். "மத்தபடி தங்கம். வாங்கலாம்."