நாய் உண்டு, லிஃப்ட் இல்லை

காலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தால், வந்திருப்பவர் பால்காரராக இருக்கலாம், செய்தித்தாள் போடுபவராக இருக்கலாம், ஊசியக்காவாகவும் இருக்கலாம். முதல் இருவருக்கு வீடு சோம்பல் முறித்துக்கொண்டு கதவைத் திறக்கும். மூன்றாமவர் என்றால், வீட்டில் யாரேனும் ஒருவர் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார்.

ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றின் சார்பில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அக்காவின் வேலை. வயது நாற்பத்து மூன்று. அனுபவம் பதினோரு ஆண்டு. தோளில் குளிர்பெட்டி, கைப்பையில் ஊசிகள், மேல்சட்டைப் பையில் விளிம்பு நசுங்கிய பழைய கைப்பேசி. அவர் ஊசி குத்துவதே தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். "வெறும் வயிறுதானே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை கண்கொட்டாமல் பார்ப்பாரே, அதுதான் குத்தும்.

பரிசோதனைக்கூடம் தன் ஊழியர்களுக்கென்று ஓர் ஆப் கொடுத்திருந்தது. அது அக்காவின் கைப்பேசியில் திறப்பதற்குள் இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்துப் பஞ்சும் ஒட்டிவிடலாம். மாடிப்படிகளுக்கு அடியில் சிக்னல் போனால் அதுவும் போய்விடும். அவருடைய அவஸ்தையைப் பார்க்கப் பொறுக்காமல், கூடத்தின் கம்ப்யூட்டர்காரர் ஒரு நாள் வேறொரு வரைபட ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். அது ஓப்பன் சோர்ஸ் வகை: ஊர்பேர் தெரியாத பலர் சம்பளமில்லாமல் எழுதியது, உள்ளே இருப்பதை எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். அதன் சின்னம் மிதிபட்ட தக்காளி போலிருந்தது. வழி சொல்லும் குரலோ, கடன் கேட்கப் போனவரிடம் பேசுவது போல் விறைப்பாக இருந்தது. ஆனால் சிக்னல் இல்லாமல் ஓடியது, விளம்பரம் காட்டவில்லை, பழைய கைப்பேசியிலும் நினைத்தவுடன் திறந்தது. ஒரே வாரத்தில் அக்கா அதற்குப் பரம ரசிகையாகிவிட்டார்.

குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவரான அவருடைய கணவருக்கு மட்டும் அதில் நம்பிக்கை பிறக்கவில்லை.

"காசு வாங்காம ஒருத்தன் குடுக்கிறான்னா உள்ள ஏதோ இருக்கும்மா."

"உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணாலும் திறந்து பார்க்கலாமாம்."

"நீ பார்த்தியா?"

"நான் எதுக்குங்க பார்க்கணும்? பார்க்கிறவங்க பார்ப்பாங்கல்ல."

"எல்லாரும் இதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு அவர் திருப்புளியைத் தேடப் போனார்.

அந்த ஆப்பில் அக்காவுக்கு மிகவும் பிடித்தது ஒன்றுண்டு. வரைபடத்தில் ஓர் இடத்தை விரலால் சற்று அழுத்தினால், "குறிப்பு சேர்" என்று ஒரு கட்டம் திறக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போல் ஏதோ ஒரு வரி இருந்தது. தோலுக்கடியில் ஒளிந்திருக்கும் நரம்பை வெறுங்கண்ணால் பிடித்துவிடும் அக்காவுக்கு, இந்த வரியைப் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. கண்ணாடி பையின் அடியில் கிடந்தது. வாசலில் நிற்கும் நேரத்தில் யார் அதைத் துழாவுவார்கள்? சரி என்பதை அழுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார்.

"முன் கேட் பூட்டியிருக்கும். பின்பக்கம் வரவும்." "நாய் உண்டு, லிஃப்ட் இல்லை." "மணி வேலை செய்யாது, ஜன்னலைத் தட்டவும்." இந்த அளவோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. வேலை பழகப் பழக அக்காவின் எழுத்திலும் ஒரு சரளம் கூடியது. "மருமகள் திறந்தால் ஐந்து நிமிடம், மாமியார் திறந்தால் அரை மணி நேரம்." "ஆள் ஆறடி. ஊசியைக் கண்டால் மயங்குவார். முதலில் உட்கார வைக்கவும்." மூன்றாவது மாடியில் தனியாக வாழும், வரைபடம் வரையும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சார் வீட்டில் இப்படி எழுதினார்: "வெறும் வயிறு என்று பொய் சொல்லுவார். இரண்டு பிஸ்கட் தின்றிருப்பார். வாயோரம் பார்க்கவும்." பரிசோதனைச் சீட்டில் அதைக் குறித்தால் சார் சண்டைக்கு வருவார், ஆகவே, தன் கைப்பேசியோடு இருக்கட்டும் என்று அக்கா நினைத்தார்.

ஒன்றரை ஆண்டில் நூற்று முப்பத்தேழு குறிப்புகள் சேர்ந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், சிலிண்டர் போடும் தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"என்ன தம்பி, பின் கேட் வழியாவா வந்தீங்க? புதுசா வர்ற யாருக்கும் அது தெரியாதே."

"எனக்கும் எங்க தெரியும்! மேப்ல எவரோ ஒரு புண்ணியவான் எழுதி வெச்சிருக்காருக்கா. நாய், கேட், மணி, ஒண்ணு விடலை. ஆனா மனுஷன் பெரிய குசும்பன்! மூணாவது மாடி சாரைப் பத்திப் படிச்சீங்களா? எங்க கம்பெனிப் பசங்க எல்லாம் சிரிச்சு சிரிச்சு…"

அக்கா அவருடைய கைப்பேசிக்குக் கை நீட்டினார். "எங்க, காட்டுங்க," என்று வாங்கிப் பார்த்தார். மிதிபட்ட தக்காளி. அதனுள் தன் குறிப்புகள், வரி பிசகாமல்.

படியிலேயே பையைக் கவிழ்த்துக் கண்ணாடியை எடுத்து, தன் கைப்பேசியில் அந்தச் சாம்பல் வரியைப் படித்தார்: "இங்கே எழுதுவது பொதுவில் வெளியாகும், அனைவரும் காணலாம்."

தண்டோரா போட்டிருந்தால்கூட ஒரு தெருவோடு போயிருக்கும். இதுவோ உலகத்துக்கே போட்டது. அக்காவின் நியமனக் கடிதத்தில் நான்காவது விதி ஒன்று உண்டு: வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு சொல் வெளியே போனாலும் அன்றோடு வேலை முடிந்தது. யாருக்கோ என்ன மாத்திரை என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்காக, கூட வேலை செய்த ஒருத்தி போன ஆண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாள். அவள் சொன்னது ஒரே ஒரு சொல். இங்கே நூற்று முப்பத்தேழு குறிப்புகள்.

அழித்துவிடலாம் என்று பார்த்தால், அழிக்கும் பொத்தானே இல்லை. தேடியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் "அளவுகோல்" என்ற புனைபெயரில், குறிப்புகளைச் சரிபார்த்து மூடும் தொண்டர் யாரோ ஒருவர் பொறுமையாகக் கேள்வி கேட்டிருந்தார். "நாய் நிரந்தரமானதா?" "மணி எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை?" "மாமியார் எந்த நேரங்களில் கதவைத் திறப்பார்?"

வேறு கதியில்லாமல் அக்கா அந்த அளவுகோலுக்கே எழுதினார்: "ஐயா, இது எல்லோருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து அழித்துவிடுங்கள். என் வேலை போய்விடும்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நாளைக் காலை ஆறரைக்கு நேரில் பேசலாம். எப்படியும் நீங்கள் வரவேண்டிய நாள்தான். மூன்றாவது மாடி."

மறுநாள் அந்தப் படிகளை ஏறுவதற்கு, ஊசிக்குப் பயப்படும் ஆறடிக்காரரே தேவலாம் என்கிற அளவுக்கு அக்காவுக்கு நேரம் பிடித்தது. சார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேசையில் கூர் சீவிய பென்சில்கள் உயர வரிசையில் கிடந்தன.

"உட்காரும்மா. 'இரண்டு பிஸ்கட்'னு எழுதியிருக்கீங்க."

"சார், நான் வேணும்னு…"

"மூணு. தகவல்னா சரியா இருக்கணும்."

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இவ்வளவு நாளா பார்த்துக்கிட்டே இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதான் எழுதினதுன்னு நேத்துதானே நிச்சயமாத் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி வெறும் சந்தேகம்தான். சந்தேகத்தை வெச்சு எப்படிக் கேக்கறது?"

"உங்க குறிப்பையாவது மூடியிருக்கலாமே சார்."

"என் மேல வந்த புகாரை நானே மூடறதா? விசாரிச்சுப் பார்த்துத்தான் மூடணும். விசாரிச்சேன். உண்மையா இருந்துச்சு. அப்புறம் எப்படி மூடறது?" குரல் சற்று இறங்கியது. "எனக்கும் உள்ளூர உதறல்தான். அடுத்த வாரம் என் பொண்ணு வர்றா. வழி தெரியறதுக்கு இதே ஆப்பைத்தான் போட்டுக்கிட்டு வருவா. போட்டுக் குடுத்ததே நான்தான்."

இருவரும் அங்கேயே உட்கார்ந்து குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கேட், படி, மணி ஆகியவற்றைப் பற்றியவற்றைச் சார் வரைபடத்திலேயே முறைப்படி ஏற்றிவிடுவார். மனிதர்களைப் பற்றியவற்றை, "தனிமனிதரைப் பற்றியது" என்று காரணம் காட்டி, மறைக்கும்படி நிர்வாகிகளுக்கு அனுப்புவார், அன்றைக்குள் மறைந்துவிடும்.

"மாமியார், அரை மணி நேரம்?" என்று சார் படித்தார்.

"அது நேரம் சம்பந்தப்பட்டது சார். வழியில ஏற்படுற தாமதம் மாதிரி."

"மாமியார் வழியில்லைம்மா. மனுஷி."

"அவங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்க, அப்புறம் சொல்லுவீங்க."

நாற்பத்தொரு குறிப்புகள் மனிதர்கள் பக்கம் ஒதுங்கின. நாற்பதை அனுப்பினார் சார். மீதமிருந்தது ஒன்று.

"உங்களோடதையும் அனுப்பிடுங்க சார், தனிமனிதர்னு போட்டு."

"மத்தவங்களுக்கு அது சரி. எனக்கு அது தப்பிச்சு ஓடறது. நாளைக்கு வாங்க. நிஜமாவே வெறும் வயித்தோட இருக்கேன். பார்த்துட்டு மூடிடலாம்."

"அதுக்குள்ள யாராவது பார்த்துச் சொல்லிட்டா என் வேலை போயிடும் சார்!"

"ஒண்ணரை வருஷம் போகலை. ஒரு ராத்திரியில போயிடுமா?"

உலகத்தில் நேர்மை இப்படி வேண்டாத நேரத்தில் வந்து கழுத்தை அறுக்கிறதே என்று நொந்துகொண்டே அக்கா படியிறங்கினார். அன்று மூன்றாவது மாடியில் ரத்தம் எடுக்கவில்லை. மூன்று பிஸ்கட்டை அவரே ஒப்புக்கொண்ட பிறகு எப்படி எடுப்பது?

பதினொரு மணிக்குச் சூப்பர்வைசர் அழைத்தார். திரையில் அவர் பெயரைக் கண்டதும் அக்கா குளிர்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"மூணாவது மாடி சார் வீட்டுல என்ன பிரச்சினை?"

"என்ன சார்… ஒண்ணுமில்லையே."

"ரத்தம் எடுக்காம வந்துட்டீங்களாமே? நாளைக்கு மறுபடி அனுப்புங்கன்னு அவரே போன் பண்ணாரு."

"வெறும் வயித்துல இல்லை சார். சாப்பிட்டுட்டேன்னு சொன்னாரு."

"அவரே சொன்னாரா?" சூப்பர்வைசரின் குரலில் நிஜமான பிரமிப்பு இருந்தது. "என்ன உடம்புக்கு?"

மறுநாள் காலையில் சார் நாற்காலியின் நுனியில், பசித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை என்று கையெழுத்துப் போட்ட ஒரு தாளை நீட்டினார். அக்கா தாளைப் பார்க்கவில்லை, வாயோரத்தைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார்.

சார் மற்றொரு கையால் கைப்பேசியை எடுத்து, "நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது. தற்போது இவ்வாறு இல்லை" என்று எழுதிக் குறிப்பை மூடினார். கையோடு அதையும் மறைக்கச் சொல்லி அனுப்பினார். "இப்ப அனுப்பலாம். தீர்ந்துபோன விஷயம்." பிறகு, அந்த வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் சமையலறைக்குள் மறைந்தார்.

அக்காவின் கைப்பேசியில் அந்த இடம் வெறும் கட்டடமாகிவிட்டது. உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல் அவர் அங்கேயே ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாளில் சாரின் முடிவு வந்தது. சர்க்கரை முன்பு காட்டியதைவிட நன்றாகவே குறைந்திருந்தது. மருத்துவர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். அத்தனை மாதமாகப் பிஸ்கட்டுக்குத்தான் மருந்து சாப்பிட்டிருக்கிறார் மனிதர்.

அக்கா இன்னொரு காரியமும் செய்தார். சார் வழி சொல்லிக் கொடுக்க, அந்த ஆப்பை எழுதியவர்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு குறை எழுதி அனுப்பினார்: "உங்கள் ஆப் நல்ல ஆப். ஆனால், முக்கியமான வரியை யாரும் படிக்க முடியாத அளவில் வைத்திருக்கிறீர்கள்." எங்கோ ஒரு மூலையிலிருந்து, அலுவலக நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து யாரோ ஒருவர் பதில் போட்டார்: சொன்னது சரி, திருத்துகிறோம்.

"பதில் வந்துச்சுங்க, பாருங்க," என்று கணவரிடம் காட்டினார் அக்கா. "உங்க ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒரு லெட்டருக்காவது பதில் போட்டிருக்கா?"

கணவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். "அப்ப உள்ள ஏதோ இருந்திருக்கு. நான் அன்னைக்கே சொன்னேனில்லை?" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

அடுத்த மாதப் புதுப்பிப்பில் அந்த வரி சிவப்புக் கட்டத்தில், திரையின் பாதியை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. தலையைக் குனிந்து படித்து, "புரிந்தது" என்பதை அழுத்தினால்தான் மேற்கொண்டு நகர முடியும்.

சிலிண்டர் தம்பிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நல்லா இருந்த ஆப்பைக் கெடுத்துட்டாங்கக்கா," என்று படிக்கட்டில் உட்கார்ந்து புலம்பினார். "ஒவ்வொரு தடவையும் இதைப் படிக்கணுமாம். எவரோ ஒரு விவரம் இல்லாத ஆளு படிக்காம எதையாவது எழுதித் தொலைச்சிருப்பாரு. அவருக்காக நமக்கெல்லாம் தண்டனை!"

"இருக்கும் தம்பி," என்றார் அக்கா, குளிர்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டே. "அப்படியும் ஆளுங்க இருக்காங்க."