டீச்சரின் மூக்கோரப் புள்ளி

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய பாஸ்போர்ட் படம் இருக்கிறது. வல்லத்திலிருந்து பஸ் ஏறி ஆண்டுதோறும் ஜூன் மாதம் செஞ்சியில் என் ஸ்டுடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொள்ளும் டீச்சர். துடைத்து வைத்தது போன்ற முகம். துடைத்தவன் நான். பரு, மச்சம், அம்மைத் தழும்பு எதுவானாலும் கேட்காமலே அழித்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். டீச்சரின் மூக்கோரம் மிளகளவு கறுப்புப் புள்ளி இருந்தது. அதையும் வருடா வருடம் அழித்தேன்.

போன வருடம் ஒரு மதியம் டீச்சர் போன் செய்தார். புள்ளியில் ரத்தம் கசிகிறதென்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். "எத்தினி வருஷமா இருக்குதுன்னு டாக்டர் கேட்டாரு தம்பி. பைல இருந்த போன வருஷத்துப் படத்தக் காட்னேன். இதுல ஒண்ணுமே இல்லியே, ஒரே வருஷத்துலயா இவ்ளோ வளந்துச்சின்னு அவரு மூஞ்சே மாறிட்டுது. வேகமா பரவுற கேன்சரா இருக்கலாமாம். முன்னாடி இருந்துதா இல்லியான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது."

"இருந்துது டீச்சர். நான்தான் அழிச்சேன்" என்றேன். "இன்னா தம்பி இப்பிடி பண்ணிட்ட" என்றார் மெல்ல. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கேட்டார்: "அழிக்காத படம் இருக்குதா?"

பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். இடம் போதவில்லை என்று நானே பல படங்களை ஒழித்துக்கட்டியவன். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. ஒரு மணி நேரம் கல்யாணப் படங்களைக் கிளறிய பிறகு கை வைக்காத நான்கு வருடத்துப் படங்கள் அகப்பட்டன. பெரிதாக்கி வரிசையாக வைத்தேன். முதலில் மிளகு. அடுத்ததில் கொஞ்சம் பெரிது. பிறகு ஓரம் மெழுகு தடவியதுபோல் மினுங்கி மேடானது. கடைசியில் நடுவே ஒரு பள்ளம். இதே இடத்தில் எத்தனை முறை திரையோடு கண்ணை ஒட்டி வேலை செய்திருக்கிறேன்! அழிக்கத்தான் பார்த்தேனே தவிர, ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நான்கையும் அனுப்பினேன். மெதுவாக வளரும் கேன்சர் வகையாகத் தெரிகிறது, சதைப் பரிசோதனை வரட்டும் என்றாராம் டாக்டர். முடிவு வந்தது. அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தையல் போட்டார்கள்.

இந்த ஜூனிலும் டீச்சர் வந்தார். படமெடுத்துக் கணினி முன் உட்கார்ந்ததும், பழக்கதோஷம், கை நேராகத் தையல் தழும்புக்குப் போனது. பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டினார்.

"அது இருக்கட்டும் தம்பி. திரும்ப வந்தா, பாத்துச் சொல்ல நீதான இருக்குற."

மேசைக் கண்ணாடியைத் தூக்கி, டாக்டர் கைக்குப் போய்த் திரும்பி, டீச்சர் என்னிடமே கொடுத்துவிட்ட பழைய படத்துக்குப் பக்கத்தில் தழும்போடு இருக்கும் முகத்தையும் வைத்தேன்.