புளித்தண்ணீர் விட்ட துவக்கு

மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவைக்கும் ஒரு நெடி, ஒக்டோபர் மாதம் நெருங்கினால் எங்கள் மாடிக்கு ஏறி வரும். கீழே கராஜில் வீட்டுக்காரர் றெஜான் தமது வேட்டைத் துப்பாக்கியை, எங்கள் பேச்சில் துவக்கை, சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார் என்பதை அதைக் கொண்டே அறிந்துகொள்வோம். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மொன்றியல் தீவில் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், அவருடைய வீட்டின் மேல்மாடியில் அப்பாவும் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அப்பா விமானங்களின் உட்புறத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். எனக்குப் பத்தொன்பது வயது. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்து, பிறகு பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதிக்காத நான், இங்கே ஒரு கடையில் பெட்டி அடுக்கியபடி காதால் கேட்டே கொஞ்சம் பிரெஞ்சு பிடித்திருந்தேன். ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கக் கூசுகிற என்னைத்தான், றெஜானோடு பேச வேண்டிய ஒவ்வொரு முறையும் அப்பா வெளிப்படியால் கீழே கூட்டிக்கொண்டு போவார்.

இந்த நாட்டில் அப்பாவைத் தன் மேசையில் இருத்திக் கோப்பி ஊற்றிக் கொடுத்த முதல் வெள்ளைக்காரர் றெஜான்தான். ஒவ்வோர் ஆண்டும் அவர் தம் சகோதரர்களோடு வடக்கே காட்டிலுள்ள குடிலுக்குப் போய், மாட்டைவிடப் பெரிதான மூஸ் மானை வேட்டையாடிவிட்டு வருவார். அந்த வருடம் அப்பாவையும் வரச் சொன்னார். சுடத் தேவையில்லை, சமைத்தால் போதும், காட்டைப் பார்க்கலாம் என்றார். அப்பா அன்றே கடைக்குப் போய், காட்டுக்குள் போகிறவர்கள் போட வேண்டிய செம்மஞ்சள் மேலங்கி ஒன்றை வாங்கி வந்து, கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் போட்டுப் பார்த்தார்.

"கலியாணத்தண்டு கூட இப்பிடி வெளிக்கிடேல்லை," என்றார் அம்மா. "மான் பாத்துப் பயந்து ஓடப்போகுது."

போகும் நாளுக்கு முந்திய கிழமை, றெஜானின் துவக்கு குறி தவறத் தொடங்கியது. ரவையின், அதாவது துவக்குக் குண்டின், வெளித்தோல் செம்பு. சுடும்போதெல்லாம் அது குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துவிடும். எண்ணெயும் சவர்க்காரமும் அதைத் தொடாது, அமோனியா கலந்த மருந்தைத்தான் விட வேண்டும். மருந்தில் நனைத்த துணித்துண்டைக் கம்பியால் தள்ளினால், செம்பு இருக்கும்வரை துண்டு நீலமாக வெளியே வரும், செம்பு தீர்ந்தால் வெள்ளையாக வரும். றெஜானுக்கு விரல் மூட்டுகளில் வாதம், கம்பி பிடிக்க முடியவில்லை. அப்பா தாமாகவே முன்வந்து, றெஜான் பக்கத்தில் இருக்க, குனிந்து நின்று தள்ளினார். தள்ளத் தள்ள நீலம் வந்துகொண்டேயிருந்தது.

அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. "துவக்குத் தொட்ட கையோடை குசினிக்கை வராதேங்கோ," என்று சமையலறை வாசலிலேயே மறித்துக் கையைக் கழுவ வைப்பார். ஆனால் அது செம்புப் பாசி என்று கேள்விப்பட்டதும் அவருடைய கதை மாறியது.

"இஞ்சருங்கோ, உந்த நாத்தத் தண்ணியோடை ஏன் மாரடிக்கிறியள்? செம்பெண்டால் பழப்புளியும் உப்பும் காணாதே? மாதா கோயில் மெழுகுதிரித் தண்டெல்லாம் நாங்கள் எதிலை மினுக்கினனாங்கள்?"

அது உண்மை. திருநாளுக்கு முன் கோயிலின் பித்தளை, செம்புச் சாமான்களைப் புளி போட்டு மினுக்கிக் கொடுப்பது ஊரில் எங்கள் வீட்டார் முறை. பீடத்தில் அவை பளபளக்கும்போது அம்மா பூசையை விட்டுவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்கும் அது சரியென்று பட்டது. றெஜான் அன்று, மருந்தைக் குழலுக்குள் விட்டு இரவு முழுக்க ஊறவைப்போம் என்று கைச்சாடையில் சொல்லிவிட்டுத் தொலைபேசிக்கு உள்ளே போன நேரத்தில், அப்பா மருந்துக்குப் பதிலாக அம்மா கரைத்துக் கொடுத்த உப்புப் புளித்தண்ணீரை ஊற்றித் தக்கையால் அடைத்துவிட்டார். நண்பருக்கு ஒரு நல்ல காரியம் செய்து காட்டப்போகிற சந்தோசத்தில் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போது வேலையில் இருந்தேன்.

மறுநாள் மாலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். றெஜான் தக்கையைப் பிடுங்கினார். ரசம்போல மண்ணிறத் தண்ணீர் வழிந்தது. மணந்து பார்த்தார். துணித்துண்டைத் தள்ளச் சொன்னார். அது செங்கல் நிறத்தில் வந்தது. குழலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது செம்பு இருந்தபடியே இருந்தது, இரும்புதான் துருவேறிப் பொருக்கு விட்டிருந்தது. அது அவருடைய தகப்பனின் துவக்கு.

"என்ன விட்டீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்லு தம்பி," என்றார் அப்பா, இன்னும் விளங்காமல். "பழப்புளியும் உப்பும். கோயில் சாமானுக்கே அதுதான் எண்டு சொல்லு."

பழப்புளிக்குப் பிரெஞ்சில் என்னவென்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்குப் போடுகிற ஒரு புளிப்புப் பழம், பிறகு உப்பு என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். றெஜான் துணித்துண்டை எடுத்து இன்னொருமுறை மணந்து பார்த்தார். பிறகு, "என் துவக்குக்குள் சூப் காய்ச்சினீர்களா?" என்று கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது.

துவக்குத் திருத்துகிறவர் பார்த்துவிட்டு, குழிகள் இனிப் போகாது என்றாராம். மூலையிலிருந்த "டெப்பனர்" என்ற சில்லறைக் கடைக்கு அடுத்த நாள் அப்பாவும் நானும் போனோம். பியர் வாங்க வந்து நின்ற றெஜானின் சகோதரர்கள் அப்பாவைக் கண்டதும், "சலூ, லா சூப்!" என்று கூவினார்கள். வணக்கம் சூப்பு என்று அர்த்தம். கடைக்காரரும் சிரித்தார். அப்பா கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு விளங்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, நான் ஐஸ்கிறீம் பெட்டியைத் திறந்து அதற்குள் குனிந்தேன்.

சனிக்கிழமை விடிய, கீழே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. றெஜான் இரும்புப் படியேறி வந்து, "மோன் ஆமி!" என்று கதவைத் தட்டினார். என் நண்பனே என்று அர்த்தம். அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெளியே வரவில்லை.

"அவருக்கு வயித்தாலை போகுதெண்டு சொல்லு," என்று அம்மா என் முதுகில் இடித்தார்.

சொன்னேன். றெஜான் காத்திருக்கலாம் என்றார். படியிலேயே குளிருக்குள் நின்றார். பிறகு கீழேயிருந்து சகோதரர்கள் கோர்ன் அடிக்க, இறங்கிப் போனார். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அப்பா குழாயைப் பூட்டிவிட்டு வெளியே வந்தார். செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டிருந்தார்.

"பிளேனிலை சூப்புக் கோப்பை பொறுக்கிறவனுக்கு அந்தச் சொல்லுத் தெரியாதே, தம்பி?" என்றார். "நீ ஐஸ்பெட்டிக்கை தலையை விட்டுக்கொண்டு நிண்டதையும் கண்டனான்."

றெஜான் அடுத்த வருடமும் கேட்டார். அப்பா வேலை இருக்கிறது என்றார். எந்த வருடத்திலிருந்து கேட்காமல் விட்டார் என்று எனக்கு நினைவில்லை. நாங்கள் வீடு மாறினோம். அப்பா காலமாகி, சில வருடங்களில் றெஜானும் போய்விட்டார். அவருடைய அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்ற என்னை, இளைய சகோதரர் லூக் அடையாளம் கண்டுகொண்டார்.

"சூப்பின் மகன் நீ அல்லவா?" என்றார். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். குடிலில் எல்லாருக்கும் அப்படி ஒரு பெயர் உண்டாம். படகைக் கவிழ்த்த இவருக்கு "தவளை". அயலவனின் பசுவைச் சுட்டுவிட்ட றெஜானுக்கு, சாகும்வரை "பால்காரன்". பிழை விட்டுப் பெயர் வாங்காதவனுக்கு அங்கே கட்டில் இல்லையாம். உன் அப்பாவுக்கு அடுப்போரக் கட்டிலைப் போட்டு வைத்திருந்தோம், ஏன் வரவில்லை என்று அண்ணன் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தான் என்றார்.

டோர்வலில் அந்த வீடு இப்போது இல்லை, கராஜ் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. காட்டுக் குடிலையும் விற்றுவிட்டார்களாம். அப்பா இருந்திருந்தால் லூக் சொன்னதை அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேனா என்று யோசிக்கிறேன். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கும்போது, நான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.