அலை இல்லாத இடத்தில் இறங்கினோம்

அன்று என் கைகால்களை ஓயவைத்தது களைப்பா, கர்த்தரா? இத்தனை மாதங்களுக்குப் பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மலைநாட்டில், ஹல்துமுல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். போன ஆகஸ்ட் விடுமுறையில் கணவரும் நானும் ஆறு வயது மகள் அபிஷாவும் பொத்துவில் கடற்கரைக்குப் போனோம்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கரையில் வெகுநேரம் நின்று இறங்க இடம் தேடினேன்.

"பாத்தது போதும் டீச்சரம்மா, இருட்டிரும்," என்று கணவர் சிரித்தார்.

மலையில் எங்களுக்குத் தெரிந்தது ஓடைதான். வெள்ளையாக நுரைத்து ஓடும் இடத்தில் பிள்ளைகளை விடமாட்டோம். அசையாமல் கிடக்கும் இடத்தில்தான் குளிக்கவைப்போம். அதே கண்ணோடு கடலையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, சற்றுக் கறுப்பாக இருந்தது. அங்கே நுரை கடல் பக்கமாக மிதந்துபோனது. பார்த்தேன், யோசிக்கவில்லை. அபிஷாவைக் காற்றடைத்த வளையத்தில் வைத்து அங்கேயே இறங்கினேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் கால் தரையை விட்டது. திரும்பினால் கணவர் தூரத்தில் சிறியதாகத் தெரிந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. வளையத்தைப் பிடித்தபடி கரையை நோக்கி அடித்தேன், அடித்தேன். கரை விலகியே போனது.

"அம்மா, நாம எங்க போறோம்?" என்றாள் அபிஷா.

ஆண்டவரே, பிள்ளையை மட்டும் கரையில் விடும் என்றேன். கையும் காலும் ஓய்ந்தன.

நாங்கள் மூழ்கவில்லை. மிதந்தோம். அலைகளுக்கு அப்பால் அந்த இழுப்பு தானாகத் தளர்ந்தது. அப்படியோர் அமைதியை நான் எந்த ஆராதனையிலும் உணர்ந்ததில்லை. அப்போதுதான், கரையில் ஒரு மீனவர் கைகளைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டு ஓடுவதைக் கண்டேன். அவர் காட்டிய பக்கமாக, கரையோடு இணையாக, மெதுவாக உதைத்துப் போனேன். நான் பயந்து ஒதுக்கிய அந்த வெள்ளை அலைகள் எங்களைத் தூக்கித் தூக்கிக் கொண்டுவந்து மணலில் போட்டன.

மீனவருக்கு மூச்சிரைத்தது. "எல்லாரும் அலைக்குப் பயந்து இங்கதான் தங்கச்சி இறங்குறாங்க. வந்த தண்ணி திரும்பிப் போற வழி இது. எதிர்த்து அடிச்சா நீங்கதான் களைப்பீங்க."

கணவர் அபிஷாவின் பாதங்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்போது எந்தத் தண்ணீரில் இறங்குமுன்னும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்கிறேன். என் கவனத்தையே நம்பி வாழ்ந்தவள் நான். அது கைவிட்ட இடத்தில் கர்த்தர் தாங்கினார். உங்கள் பலம் தீரும் இடத்தில் நீங்களும் அவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கடலுக்குப் போகிறார்கள். புறப்படுமுன் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடலைக் கண்டு நடுங்காமலும், அமைதியான தண்ணீரை நம்பிவிடாமலும் இருக்க அவர்களுக்கு எப்படிச் சொல்லட்டும்? பிள்ளைகளோடு பழகியவர்கள் எனக்கு எழுதுங்கள்.